மணியோசையும் திருப்பணித் தொடரும்

 

திருக்கோயிலிற் பூசைக் காலத்து ஒலிக்கும் மணி, நாத வடிவினனாகிய இறைவனை நினைப்பிப்பது. ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கூட்டி உருக்கிய வெண்கலத்தால் வார்க்கப்பெறுவது. அவ்வெண்கலம் இனிது ஒலிக்கும். ஆயினும் வெடிக்கும் இயல்பினது. வெடித்த மணியைப் பற்றவைத்தாற் பழைய நாதம் மீளுதல் அரிது. உருக்கி மீண்டும் வார்த்தலே முறை. நாக்கு ஓரிடத்திலேயே மோதித் தேய்ந்ததாயின், மணியைச் சற்றே திருப்பித் தொங்கவிட ஒலி தெளியும். ஆகவே, மணிக்கும் திருப்பணி உண்டு.

நெல்லைச் சீமையில் மணிகள் ஒரு தொடராய் நின்ற செய்தி செவிவழி வழங்குகின்றது. பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட வீரபாண்டிய கட்டபொம்மன், செந்திலாண்டவனுக்கு உச்சிக்காலப் பூசை நிறைவேறிய பின்னரே உண்ணும் நியமம் பூண்டவர். அவ்வேளையை அறிதற்பொருட்டு, திருச்செந்தூர் முதல் பாஞ்சாலங்குறிச்சி வரை மண்டபங்கள் எடுப்பித்து மணிகள் கட்டுவித்தார் என்பர். ஒரு மணி கேட்டு மறுமணி ஒலிக்கும். இடையில் ஒருவன் அயர்ந்தால் அரசன் பசித்திருக்க வேண்டியதே! 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் இடிக்கப்பட்டது, மணித்தொடர் அற்றது. அம்மணிகளுள் ஒன்று பிற்காலத்தில் திருச்செந்தூர் இராசகோபுரத்தில் ஏற்றப்பெற்றது என்றும் கூறுவர்.

தென்காசி விசுவநாதர் திருக்கோயில் வரலாறும் அத்தகைய தொடரே. 1446இல் திருப்பணி தொடங்கிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தே பழுது நேரின் அதனைத் திருத்திக் காப்போர் அடிகளில் தாம் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லிற் பொறித்தார். முடிமன்னர் ஒருவர், இன்னும் பிறவாத அடியார்க்குத் தலைவணங்கினார்! கோபுரம் முற்றுப்பெறுமுன் அவர் மறைய, தம்பியார் குலசேகர பாண்டியர் முடித்தனர். 1924இல் தீ அதனைச் சிதைத்தது. அறுபது ஆண்டுக்கு மேலாகச் சிதைந்து நின்ற கோபுரம், ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறு ஆண்டுகட்கு முன் ஒலித்த மணி, அன்றே அடுத்த மண்டபத்திற் கேட்டது போலும்.

அணித்தேயுள்ள குற்றாலச் சித்திரசபையில் இறைவன் ஓவியத் திருமேனியனாய் விளங்குகின்றான். வண்ணமும் காலத்தால் மங்குவதே. காக்கும் கை வேண்டும்.

இக்காலத்துப் பல கோயில்களில் மின்பொறியே சிறு மணிகளையும் முரசையும் ஒலிப்பிக்கின்றது. ஆள் கிடையாமையே காரணம் என்பர். அது மெய்யே, ஆள் கிடையாமைக்குக் காரணம், அவனுக்குப் படி அளப்பார் இன்மை. மணி வாங்கித் தந்து பெயர் பொறிப்போர் பலர். கயிறு மாற்றவும், நாக்கைச் செப்பனிடவும், மணியடிப்போன் குடும்பம் உண்ணவும் கட்டளை வைப்போர் சிலர். பொறி ஒலிக்கும்; முன்னை மணியைக் கேட்டு ஒலிக்க அதற்குச் செவியில்லை.

பொருள் படைத்த அன்பர்களே! புதுமணி ஒன்று தருமுன், பழைய மணிக்கு ஒரு கையைத் தாருங்கள். பாண்டியர் வணங்கியது அத்தகையோரையே.

திருச்சிற்றம்பலம்.