வரியைக் குறைங்க... ஆனா எதுக்குன்னு பார்த்துக் குறைங்க!

ஆர்.எஸ்.புரம் தெருமுனைக் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் 👇

கோவை சொந்தங்களே!

டி.பி. ரோட்டுல ஒரு கடைக்குள்ள போறீங்க. வெளிநாட்டுல இருந்து வந்த லேப்டாப்புக்கு அடிப்படை சுங்க வரி சுழியம். வெளிநாட்டுல இருந்து வந்த செல்போனுக்கு 15%. ஏனுங்க இந்த வித்தியாசம்?

1996-ல் சிங்கப்பூர் உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவானது. 1997-ல் இந்தியா சேர்ந்தது. கம்ப்யூட்டர், சிப் இதுக்கெல்லாம் வரியைப் படிப்படியா சுழியம் ஆக்குறோம்னு கையெழுத்துப் போட்டோம்.

நன்மை இல்லாம இல்லைங்க. கம்ப்யூட்டர் மலிவாச்சு. சாப்ட்வேர் வேலை பெருகுச்சு. ஆனா ஹார்டுவேர் தொழில் அடி வாங்குச்சு. அந்த அனுபவத்தாலதான் 2015-ல் நைரோபியில் 201 பொருள்களுக்கு ஒப்பந்தத்தை விரிவாக்கினப்போ இந்தியா சேரல.

செல்போனுக்கு 2017-ல் வரி போட்டாங்க, 2018-ல் 20% ஆச்சு. ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் தீர்ப்பு நமக்கு எதிரா வந்தது. இந்தியா மேல்முறையீடு செஞ்சது. 2024 ஜூலை பட்ஜெட்டில் வரி 15% ஆச்சு.

இதுல நமக்கு என்னன்னு கேக்கறீங்களா? கணபதியிலயும் பீளமேட்டுலயும் பட்டறை வெச்சிருக்கற அண்ணன்களைக் கேளுங்க. உதிரிபாகத்துக்கு வரி அதிகம், செஞ்சு முடிச்ச பொருளுக்கு வரி கம்மின்னா, இங்க எவன் தயாரிப்பான்? வாங்கி விக்கறதே லாபம்னு போயிருவான். அப்போ இன்ஜினியரிங் முடிச்ச எங்க தலைமுறைக்கு டிசைன் வேலை இல்லை, டெலிவரி வேலைதான்.

அதனால நம்ம கோரிக்கை மூணு:

✅ உதிரிபாகம், இயந்திரத்துக்கு முதல்ல வரியைக் குறைங்க.
✅ செஞ்சு முடிச்ச பொருளுக்கு வருஷக் கணக்குல அவகாசம் கொடுத்துக் குறைங்க. வரிச் சுவருக்குள்ளயே என்னைக்கும் பாதுகாப்பா இருக்கலாம்னு எந்தக் கம்பெனியும் நினைக்கக் கூடாது. மக்களுக்கும் விலை குறையணும்.
✅ கையெழுத்துக்கு முன்னாடி கொடிசியா மாதிரி தொழில் அமைப்புகளைக் கூப்பிட்டுப் பேசுங்க.

ஒப்பந்தம் போடறது டெல்லி. ஷட்டரை இறக்கறது நம்ம கோயமுத்தூர். ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட, எங்க கட்சிக்காரங்களா இருந்தாலும் சரி, இந்த மூணையும் கேளுங்க.

பட்டறை நடத்தற ஒருத்தருக்காவது இதைப் பகிருங்க. 🙏

#கோவை #உதிரிபாகவரியைக்குறை