எண்ணும் நோயும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மட்டக்களப்புக்கும் தொலைவிலுள்ள மகரகமவுக்கும் செல்வோர் பலர். அவர்கள் கொண்டுவரும் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் எல்லையை மீறியிருந்தால், வைத்தியர் பார்க்குமுன்பே வீடு கலங்கிவிடுகிறது. கடல் கடந்து உழைக்கும் மகனுக்குச் செய்தி பறக்கிறது. மருந்து பலிக்கவில்லை, நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் எழுகிறது. அந்த எண் உண்மையில் உணர்த்துவது யாது?

புற்றுநோய்க் குறிகாட்டிகள் என்பவை இரத்தத்திற் காணப்படும் சில பொருள்கள். பெருங்குடற் புற்றுநோயில் சீ.ஈ.ஏ. என்பதையும், சூலகப் புற்றுநோயில் சீ.ஏ. 125 என்பதையும் அளக்கின்றனர். சீ.ஈ.ஏ.யை 1965 இல் கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் பிரீட்மன் என்னும் அறிஞர் இருவர் கண்டறிந்தனர். இப்பொருள்கள் புற்றுநோயினால் மட்டும் மிகுவன அல்ல. புகைபிடிப்போரிடம் சீ.ஈ.ஏ. சற்று உயர்ந்தே இருக்கும். ஈரல் நோயும் அதனை உயர்த்தும். சீ.ஏ. 125 க்கு மில்லிலீற்றருக்கு 35 அலகு என்பது வழமையான எல்லை. மாதவிடாய், கருப்பம், வயிற்றறைக் காசநோய் ஆகியவற்றாலும் அது அவ்வெல்லையைத் தாண்டக்கூடும்.

சிகிச்சைக் காலத்தில் மற்றொன்றும் நிகழ்வதுண்டு. கீமோ மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களில், சிலருக்கு எண் உயர்ந்து பின்னர் தாழ்கிறது. அழியும் புற்றுக் கலங்கள் தம்முள் இருந்த பொருளை இரத்தத்திற் கலக்க விடுவதே இதற்குக் காரணம் என்பர். அவ்வேளையில் அஞ்சி மருந்தைக் கைவிடுவோர், பலன் தரத் தொடங்கிய மருந்தையே கைவிட்டவராதலும் கூடும்.

ஆகவே ஓர் எண் தீர்ப்பன்று. எண்களின் வரிசையே பொருள் தருவது. ஆய்வுகூடம் மாறினால் அளக்கும் முறை மாறலாம். முறை மாறினால் எண்ணும் மாறலாம். இயன்றவரை ஒரே இடத்திற் பரிசோதிப்பது நன்று.

உயர்வு மெய்யாகவே நோயின் மீள்வரவாயினும், பதற்றம் பயன் தராது. சூலகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தபின் சீ.ஏ. 125 உயர்ந்த 529 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2010 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியாயிற்று. எண் உயர்ந்தவுடன் மருந்து பெற்றோரும், நோயின் அறிகுறி தோன்றும்வரை பொறுத்திருந்தோரும் ஏறக்குறைய ஒரே காலமே வாழ்ந்தனர். முந்தியோர் மருந்தின் தொல்லையைச் சில மாதங்கள் முன்னதாகவே ஏற்றனர், அவ்வளவே வேறுபாடு. இம்முடிவு அந்நோய்க்கு உரியது. பிற நோய்களில் வைத்தியரின் முடிவு வேறாகலாம்.

மறுபுறத்தில், எண் தாழ்ந்திருப்பதாற் கிளினிக் செல்லாதிருப்பதும் தவறு. குறிகாட்டியைச் சுரக்காத புற்றுநோய்களும் உள. வெற்றிலையும் புகையிலையும் மெல்வோரை வாட்டும் வாய்ப் புற்றுநோய்க்கு வழமையான இரத்தக் குறிகாட்டி எதுவும் இல்லை. ஆறாத புண்ணை வைத்தியர் கண்ணாற் கண்டு சோதித்தல் வேண்டும்.

நோயாளர் வீட்டார் செய்யத்தக்கது எளிது. பழைய தாள்கள் யாவற்றையும் திகதி வரிசையில் ஒரே கோவையிற் சேர்த்து வைத்தியரிடம் காட்டுக. முன்னைய எண் யாது, இடையிற் காய்ச்சலோ வேறு நோயோ வந்ததா, அடுத்த பரிசோதனை எப்போது என வினவுக. அடுத்தடுத்து எண் ஏறிவரின் தாமதியாது செல்க. அவர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தற்க.