"எங்க எல்லை இல்ல"ன்னு சொன்னா என்ன செய்வது?

வக்கீலிடம் முதல்முறை போகிறவர்கள் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்பதில்லை. "கம்ப்ளெயின்ட் வாங்க மாட்டேங்கிறாங்க சார்", "ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க, போகணுமா?", "தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, என்ன பண்றது?" இப்படித்தான் கேட்கிறார்கள். இன்று இந்த மூன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, செய்தித் துறையில் எழுதும் ஆள். உங்கள் வழக்குக்கு என்று தனியாக ஆலோசனை வேண்டுமானால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவரைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

சிங்கப்பெருமாள் கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரூம் இங்கே, வேலை ஒரகடத்தில் என்று இருப்பவர்கள் ஏராளம். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதன் பிறகு ரூம் செங்கல்பட்டு மாவட்டம், கம்பெனி காஞ்சிபுரம் மாவட்டம். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். பைக்கில் வந்த ரெண்டு பேர் கையில் இருந்த ஃபோனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். எப்படியோ ஊர் வந்து சேர்ந்து, காலையில் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள். "அது எங்க எல்லை இல்ல, அங்க போய்க் குடுங்க" என்று பதில் வருகிறது. லீவு போட்டு, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு, திரும்ப ஒரகடம் போக வேண்டுமா?

வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 173-வது பிரிவின்படி, போலீஸ் தானாகவே வழக்குப் பதியக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். பதிந்த பிறகு சம்பந்தப்பட்ட நிலையத்துக்கு அனுப்புவது போலீஸின் வேலை, உங்கள் வேலை அல்ல. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதிகாரி எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். மின்னணு முறையிலும் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பறித்துக்கொண்டு போன ஃபோனை "தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். "அப்படி எழுதினா சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொல்வார்கள். தொலைந்ததற்குக் குற்ற வழக்கு கிடையாது. பறிப்போ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் தனிக் குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதே ஃபோனை வைத்து நாளை எவனாவது மோசடி செய்தால், அது உங்களிடமிருந்து பறிபோனது என்று காட்ட அந்தப் புகார்தான் உங்களுக்குத் துணை.

அடுத்து, கையில் கிடைத்த காகிதம் என்ன என்று பாருங்கள். நம் ஊரில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். அது புகார் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்கு ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பைக் திருட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்கப் போனால் எஃப்.ஐ.ஆர். எங்கே என்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே 173-வது பிரிவுதான்.

பதிய மறுத்தால்? மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரை எழுத்தில், தபாலில் அனுப்புங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தகைய குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. ஒரு சிறுமியைக் காணோம் என்று அவளுடைய அப்பா அலைந்த வழக்கு அது. ஆனால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதனால் உடனே நம்பர் வரவில்லை என்றால் எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, "வரச் சொல்றாங்க". 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், உடனே கைது தேவையில்லாதபோது 35-வது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். அழைத்தபடி போய் ஒத்துழைத்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருப்பதுதான் ஆபத்து. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப் வீடியோ காலில் யூனிஃபார்மோடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் சந்தேகமே வேண்டாம், அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. காலைக் கட் பண்ணுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள்.

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோரை அவர்கள் இருக்கும் இடத்திலேயேதான் விசாரிக்க வேண்டும். விசாரணையில் நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் போடாதீர்கள்.

மூன்றாவதுதான் வீட்டைக் கலங்கடிப்பது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பீகாரிலோ ஒடிசாவிலோ குடும்பம் இருக்கிற ரூம்மேட் என்றால், தகவல் சொல்ல வேண்டிய அந்த நண்பர் நீங்களாகவே இருக்கலாம். எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள் என்பதை உடனே குறித்து வையுங்கள். 24 மணி நேரக் கணக்குக்கு அது வேண்டும்.

"வக்கீலுக்குக் காசு?" 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்களின் பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் என்று போகும் அந்தப் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஒரகடம் பெல்ட்டில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஃபோனில் கேட்க 15100. நேரில் போவதென்றால் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், எஃப்.ஐ.ஆர். நகலோ சி.எஸ்.ஆர். ரசீதோ எது இருக்கிறதோ, அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.