பிள்ளை படைத்தது பிள்ளைக்கே சொந்தம்



உங்கள் வட்டாரத்தில் நடக்கும் கணினிக் கலைப் பட்டறைக்குப் பிள்ளைகளை அவசியம் அனுப்புங்கள். படம் வரையவும் காணொளி தயாரிக்கவும் கற்றுக்கொள்வார்கள். வீட்டில் கணினி வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு.

ஆனால், பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொந்த முயற்சியில் வரைந்த படத்தின் உரிமை பொதுவாக அவருக்கே. சிறுவர் என்பது தடையல்ல, பதிவும் கட்டாயமில்லை. அவர் வாழ்நாளிலும், இறந்தபின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். ஆனால் சம்பள வேலையாகவோ, பிறர் கேட்டோ செய்து கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது உரிமை அவர்களுக்குப் போய்விடும். எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான்.

ஆகவே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: படைப்பு யாருக்குச் சொந்தம்? எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவீர்கள்? பிள்ளையின் பெயர் வருமா? "கண்காட்சிக்கு மட்டும் அனுமதி" என்று பாரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நேர்மையான ஏற்பாட்டாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் பாட்டன்மார் தோட்டத்தில் பால்மரம் சீவினார்கள். மரமும் பாலும் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. பேரப்பிள்ளைகளின் உழைப்பாவது அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும்.