தொலைவிலுள்ள பொறியும் கையிலுள்ள ஏடும்



பழுதுற்ற பொறி கைக்கெட்டும் இடத்திலிருந்தால் திறந்து பார்க்கலாம். கம்பியைக் கழற்றி மாட்டலாம். ஒன்றும் இயலாவிடின் நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். அப்பொறி 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என் செய்வது? அங்குச் சென்றடைய வல்லது வானலை ஒன்றே. அதற்கும் ஒருவழிப் போக்கிற்கு இருபத்திரண்டரை மணி நேரமாகும். ஒரு வினா விடுத்து அதன் விடையைப் பெறுவதற்குள் இரண்டு நாள் கழியும்.

இது கற்பனையன்று. அமெரிக்கர் 1977 செப்டம்பர் 5ஆம் நாள் ஏவிய வாயேசர் 1 என்னும் விண்கலத்திற்கு (நெடுவழிப்போக்கன் என்று நாம் வழங்கலாம்) 2023 நவம்பரில் இந்நிலை நேர்ந்தது. அலை வந்தது, பொருள் வரவில்லை. ஒன்றும் சுழியுமாகிய குறிகளே திரும்பத் திரும்ப வந்தன. அளவீடுகளைத் தொகுத்துப் புவிக்கு அனுப்ப ஒழுங்குபடுத்தும் கணிப்பொறியிலேயே கோளாறு. ஆனால் கலமோ புவியினின்று சென்ற கட்டளைகளை ஏற்றுக்கொண்டே இருந்தது. செவி கேட்கிறது, நாத்தான் குழறுகிறது என்னும் நிலை.

இங்கேதான் ஏடுகளின் வேலை தொடங்குகிறது. பிழைநீக்குநர் புதிய கருவியைத் தேடி ஓடவில்லை; பல்லாண்டுகட்கு முன் எழுதப்பெற்ற பழைய ஆவணங்களைப் புரட்டினர். அவற்றை எழுதியவர்களோ, இன்று எழும் இடர்களைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கட்டளையும் கலத்தை எவ்வாறு தாக்கும் என்று தேர்ந்து தெளிந்த பின்னரே அனுப்ப வேண்டியிருந்தது. விரைந்து அனுப்பிய தவறான கட்டளையைத் திரும்ப அழைக்க முடியுமா?

2024 மார்ச்சு 1ஆம் நாள், பழுதுற்ற பகுதியைச் சுற்றிச் செல்லுமாறு கணிப்பொறியைத் தூண்டும் கட்டளை ஒன்று விடுக்கப்பட்டது. மார்ச்சு 3இல் வந்த விடை, பழைய குழறலும் அன்று. வழக்கமான வடிவும் அன்று. அதனைப் பிரித்துப் படித்தபோது, அக்கணிப்பொறியின் நினைவகம் முழுமையும் அதனுள் அடங்கியிருக்கக் கண்டனர்! கோளாற்றுக்கு முன்னர்ப் பெற்ற படியோடு அதனை ஒப்பிட்டனர். நினைவகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு சிதைந்திருந்தது. ஒரு சில்லு செயலிழந்ததே கரணியம். முன்னைய படி காக்கப்பட்டிராவிடின் எதனோடு ஒப்பிடுவது?

சில்லை மாற்ற இயலாது. அதிலிருந்த ஆணைத்தொடரை வேறிடத்திற்குப் பெயர்க்கலாமெனின், முழுமையாக வைப்பதற்குப் போதிய இடம் எங்கும் இல்லை. எனவே அதனைத் துண்டுகளாக்கிப் பல மூலைகளில் வைத்தனர். பழைய இருப்பிடத்தைச் சுட்டிய சுட்டுகளையெல்லாம் தேடித் திருத்தினர். ஒரு சுட்டுத் தவறினும் முழுவதும் குலைந்து போகும். ஏப்பிரல் 18இல் முதற்பகுதி அனுப்பப்பட்டது. ஏப்பிரல் 20இல், ஐந்து திங்களுக்குப் பின், கலம் தன் உடல்நிலையைத் தெளிவாக உரைத்தது. சூன் திங்களில் நான்கு அறிவியற் கருவிகளும் அளவீடுகளை அனுப்பலாயின.

இனி, தொலைவிலிருந்து பிழை நீக்கும் புதிய வழிமுறையொன்றிற்கு விளக்கநூல் எழுதி, ஆய்ந்து தருமாறு ஒருவர் கையில் கொடுக்கிறார்கள் எனக் கொள்வோம். அவர் பெரும்பாலும் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிடுவார். அது போதாது. இக்கட்டளைக்கு விடை வராவிடின் என்ன பொருள்? கட்டளை பாதியில் அறுந்தால் பொறி எந்நிலையில் நிற்கும்? செப்பமாக இயங்கும்போதே நினைவகத்தின் படியை எடுத்து வைக்கும் முறை எது? இவ்வினாக்களுக்கு விடையில்லாத நூல் எத்துணை வழவழப்பான தாளில் அச்சிடப்பெற்றிருப்பினும் குறைநூலே. சொல்லாட்சியும் அவ்வாறே. ஓர் உறுப்பை முதல் இயலில் ஒரு பெயராலும் ஐந்தாம் இயலில் வேறொரு பெயராலும் வழங்கினால், படிப்பவர் இரண்டு உறுப்புகளென்று மயங்குவார். எழுதியவரைக் கேட்டுக்கொள்ளலாமே என்பது சோம்பர் சொல். நாற்பத்தாறு ஆண்டு கழித்து அந்நூலைத் திறப்பவர் யாரைக் கேட்பார்?