வகுப்பறையில் நடந்ததை எழுதுங்கள்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் ஆசிரியர்களுக்கான இதழ்களில் கட்டுரை எழுதுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "எழுத என்ன டீச்சர் இருக்கு, எல்லாம் புத்தகத்திலேயே இருக்கே" என்று சிலர் நினைக்கலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. ஒரு பாடத்தை நடத்தும்போது பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எங்கே குழம்பினார்கள், எதைக் காட்டியதும் தெளிந்தார்கள் என்பதுதான் அது. முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர் ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டுச் சால்வை போர்த்துகிறோம். அவர் சேர்த்து வைத்த அந்த அறிவு அன்று மாலையே அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அவர் இடத்துக்கு வரும் இளம் ஆசிரியர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். இந்த இழப்பைத் தடுக்க நம் கையில் உள்ள எளிய வழி எழுதுவது.

எது கட்டுரையாகும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடும் சோதனை நமக்கெல்லாம் தெரிந்தது. சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன். அது தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்ற விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மூணு மெழுகுவத்தி வெச்சா என்ன ஆகும் டீச்சர்? டம்ளர் அதேதானே, ஆக்சிஜனும் அதே அளவுதானே?" செய்து பார்த்தோம். மூன்று வைத்தபோது தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது என்று இன்னொரு மாணவன் கவனித்தான். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வருவதை மூன்றாவது பிள்ளை கண்டுபிடித்தது.

விடை அந்த மூன்று கவனிப்புகளிலும் இருக்கிறது. சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிகிறது; அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. ஆக, ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு இந்தச் சோதனைக்குப் பொருந்தாது.

ஒரு பாடவேளையில் நடந்த இதுவே ஒரு முழுக் கட்டுரை. 'எரிதலும் காற்றும்' என்று பொதுவாக எழுதினால் அது பாடநூலின் நகலாகிவிடும். அந்த மாணவியின் கேள்வியிலிருந்து தொடங்கினால் வேறு யாரும் எழுத முடியாத கட்டுரையாகும்.

எழுதும்போது சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் ஆசிரியர் மறுநாளே தன் வகுப்பில் செய்து பார்க்க முடிய வேண்டும். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், டம்ளர் எவ்வளவு உயரம், எத்தனை முறை செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். 'நிறைய ஏறியது' என்று எழுதாமல் ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பிள்ளைகள் சொன்னதை அவர்கள் மொழியிலேயே கொடுங்கள், பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். சரியாக வராத முயற்சியையும் சேருங்கள். அடுத்தவருக்கு ஒரு பாடவேளை மிச்சமாகும். நெருப்பு, அமிலம், கண்ணாடி என்றால் பாதுகாப்புக் குறிப்பு கட்டாயம் வேண்டும். பிறரிடமிருந்து பெற்ற யோசனை என்றால் அவரைக் குறிப்பிடுங்கள். முடித்ததும் தமிழாசிரியர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குச் சோதனை புரிந்தால் எல்லோருக்கும் புரியும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் தயங்க வேண்டாம். "இவ்ளோ பெரிய பூசணிக்காய் மிதக்குது, சின்ன ஆணி ஏன் டீச்சர் மூழ்குது?" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அங்கேயும் ஒரு கட்டுரை இருக்கிறது.

இங்கிலாந்தில் அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் 'ஸ்கூல் சயின்ஸ் ரிவ்யூ' 1919 முதல் வெளிவருகிறது. வகுப்பில் செய்து பார்த்த சோதனைகளை ஆசிரியர்கள் அதில் எழுதிவருகிறார்கள். நம் நாட்டில் என்.சி.இ.ஆர்.டி. 'ஸ்கூல் சயின்ஸ்' என்ற காலாண்டிதழை ஆங்கிலத்தில் நடத்துகிறது. தமிழில் எழுத விரும்புவோருக்கு நம் துறை இதழே இருக்கிறது. திருத்தம் கேட்டு ஆசிரியர் குழு திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். நாம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது அவர்கள் முன்னேறத்தானே?

ஒரே ஒரு வேண்டுகோள். நாளை முதல் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, நீங்கள் எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தால் அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். பருவ முடிவில் எடுத்துப் பாருங்கள். ஆய்வகம் இல்லாத ஏதோ ஒரு பள்ளியில் தனியாக நின்று அதே பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு அதில் எது உதவும் என்று யோசியுங்கள். அதை எழுதி அனுப்புங்கள்.