ஊர் கூடிப் போட்ட வரி: ஓக்லஹோமா சிட்டியின் அனுபவம்



1991-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் விமானப் பராமரிப்புப் பணிமனை ஒன்றுக்கு இடம் தேடியது. அமெரிக்க நகரங்கள் பலவும் போட்டியிட்டன. எண்ணெய் விலைச் சரிவிலும் வங்கி முறிவிலும் அடிவாங்கிக் கிடந்த ஓக்லஹோமா சிட்டி மக்கள், அந்தப் பணிமனைக்காக விற்பனை வரியைக் கூட்டவே வாக்களித்திருந்தார்கள். பணிமனையோ இண்டியானாபோலிசுக்குப் போய்விட்டது. ஏன் என்று அறிய மேயர் ரான் நோரிக் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். சலுகையில் தன் ஊர் பின்தங்கவில்லை, ஊழியர்கள் குடும்பத்தோடு வந்து வாழ ஆசைப்படும் ஊராக அது இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

‘மேப்ஸ்’ திட்டம் அதிலிருந்து பிறந்தது. ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட் கூடுதல் வரி. ஐந்தாண்டு மட்டும். அந்தப் பணத்தில் பேஸ்பால் மைதானம், உள்ளரங்கம், நூலகம், கால்வாய் என ஒன்பது பணிகள். கையில் காசு சேரச் சேர வேலை நடக்கும், கடன் வாங்குவதில்லை. 1993 டிசம்பர் 14 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் சரி என்றார்கள். முப்பது கோடி டாலருக்கு மேல் வசூலானது.

அந்த ஒன்பதில் எனக்குப் பிடித்தது ஆற்றைச் சீரமைத்த பணி. ஊர் நடுவே ஓடவேண்டிய வட கனேடியன் ஆற்றை வெள்ளத்துக்குப் பயந்து நேர்க்கோடாக வெட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீர் அற்றுப்போய், படுகையில் புல் மண்டியது. நகராட்சி ஆட்கள் ஆற்றுக்குள் இயந்திரத்தை இறக்கிப் புல் வெட்டுவது வாடிக்கை. ஆற்றுக்குப் புல் வெட்டும் ஊர் என்று உள்ளூர்க்காரர்களே சிரித்துக்கொண்டார்கள். மேப்ஸ் பணத்தில் மூன்று தடுப்பணைகள் எழுந்தன. ஏழு மைல் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கியது. இன்று அங்கே படகுப் போட்டிகள் நடக்கின்றன.

மேப்ஸ் வாக்கெடுப்பில் ஒரு தந்திரமும் உண்டு. ஒன்பது பணிக்கும் ஒரே கேள்வி, ஒரே வாக்கு. நூலகம் வேண்டும், மைதானம் வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. தனித்தனியாகக் கேட்டால் பாதி தோற்றுவிடும் என்ற பயம். 2009-இல் 77.7 கோடி டாலருக்கான மூன்றாம் மேப்ஸ் வந்தபோது வாக்குச்சீட்டில் பணிகளின் பட்டியலே இல்லை. அது நகர மன்றத்தின் தனித் தீர்மானத்தில் இருந்தது. வாக்காளர் தீர்மானத்தை நம்பி வரிக்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது.

கடன் பத்திரத்தின் கதை வேறு. ஓக்லஹோமா மாநிலத்தில் நகரங்கள் அன்றாடச் செலவுக்குச் சொத்து வரியைத் தொட முடியாது. வாக்காளர் ஒப்புக்கொண்ட கடன் பத்திரத்தை அடைக்கத்தான் அது பெரும்பாலும் பயன்படும். எனவே காவல், தீயணைப்பு எல்லாமே பெருமளவு விற்பனை வரியைத்தான் நம்பியிருக்கின்றன. கடைத்தெருவில் வியாபாரம் மந்தமானால் நகராட்சிக்குக் கை கடிக்கும். 2017 செப்டம்பரில் 96.7 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்கெடுப்பு வந்தபோது, தெரு, பாலம், பூங்கா என்று 13 தனிக் கேள்விகள். பதின்மூன்றும் வென்றன. தனித்தனியாகக் கேட்டால் தோற்றுவிடும் என்ற பயம் இங்கே பொய்த்தது.

நம் பக்கத்தில் மதுரை மாநகராட்சி 2001-இல் உள்வட்டச் சாலைக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் மதுரைக்காரர் யாரும் அதற்காக வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. இங்கே அப்படியொரு வழக்கமே கிடையாது.

ஓக்லஹோமா சிட்டிக்குத் திரும்புவோம். முதல் மேப்சில் காசு போதவில்லை. 1998 டிசம்பரில் ஆறு மாத நீட்டிப்புக் கேட்டு மக்களிடம் மறுபடி போனார்கள். அதற்குள் மைதானம் திறந்தாகிவிட்டது, கண்முன் நின்றது. மக்கள் கொடுத்தார்கள். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான் என்பது என் கணிப்பு. வரிக்கு முடிவுத் தேதி இருப்பதால் கணக்குக் காட்டாமல் அடுத்த வாக்கு கேட்க முடியாது. பிறகு பள்ளிகளுக்காக, அரங்கத்துக்காக, தெருக்களுக்காக என்று அந்த ஒரு சென்ட் 2002 முதல் இடைவெளியின்றித் தொடர்கிறது. தற்காலிக வரி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. 2019-இல் நான்காம் மேப்ஸ் 97.8 கோடி டாலருக்கு வந்தபோது, வீடற்றோர், மனநலம், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு ஒதுக்கினார்கள். எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு கிடைத்தது.

யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். சொத்து வரி வீட்டின் மதிப்பைப் பார்க்கும். விற்பனை வரி பாலிலும் ரொட்டியிலும் விழுகிறது. மாநில அரசு 2024 ஆகஸ்டில் மளிகைப் பொருள்களுக்கான தன் 4.5 விழுக்காட்டு வரியை நீக்கியது. நகரத்தின் பங்கு அப்படியே நிற்கிறது. சம்பளம் முழுவதையும் கடையில் செலவழிக்கும் குடும்பம், வருமானத்தில் பெரிய விகிதத்தைக் கொடுக்கிறது. பதிலுக்கு, வெளியூர்க்காரர்களும் அங்கே கடைக்கு வந்து கொடுக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதனால் ஏழையின் சுமை குறைந்துவிடுவதில்லை.

2023 டிசம்பரில் நகரின் கூடைப்பந்து அணிக்குப் புதிய அரங்கம் கட்ட வாக்கெடுப்பு நடந்தது. செலவு 90 கோடி டாலராவது ஆகும். அதில் அணியின் பங்கு 5 கோடி. எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. அணி ஊரைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் பரப்புரை முழுக்க இருந்தது. இந்த ஆறாண்டு வரி, நான்காம் மேப்ஸ் முடியும் 2028-இல்தான் தொடங்கும். முந்தைய பணிகளைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தீர்மானிக்கும் பழக்கம் இங்கே நழுவிவிட்டது. நான்காம் மேப்சின் வேலைகள் பல அப்போது பாதியில்கூட இல்லை. அன்று பதின்மூன்று வயதாயிருந்த பிள்ளை பதினெட்டு வயதில் முதல் வாக்கைப் போடும்போது, யாரோ தீர்மானித்த அந்தச் சென்ட்டை 2034 வரை கொடுக்கவேண்டியிருக்கும்.